அறுநூறு கிராம்

கடுகு நிறுக்கும் தராசில்
இன்று ஒரு விசிலை வைத்தேன்.
ஒன்பது கிராம்.
குறித்துக்கொண்டேன்.

பீச் ரோட்டில், ராணுவச் சாமான் விற்கிற மாடியில்
கடைக்காரர் கோ என்னை ஏற இறங்கப் பார்த்து
"மகனுக்கா?" என்றார்.
தேசியச் சேவைக்குப் போகும் பையன்களுக்கு
அம்மாக்கள் காலுறை வாங்க வருகிற இடம் அது.
எனக்கு, என்றேன்.
கத்தி அலமாரியின் சாவியைத் தேட
அவருக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

பெரிய கத்தி வேண்டாம்.
உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடியில்
அதற்கு ஒரு கதை சொல்ல வேண்டிவரும்.
என்னிடம் இருப்பது ஒரே கதை:

போன ஆகஸ்டு, ஜோகூர்க் காட்டில்
காலணிக் கயிற்றைக் கட்டக் குனிந்தேன்.
நிமிர்ந்தபோது
முன்னால் போன ஹஸ்லிண்டாவின் சிவப்புப் பை இல்லை.
காணாமல் போவது அவ்வளவு சின்ன வேலை.
இரண்டு முடிச்சு.

அன்று என் பையில்
பாதி பாட்டில் தண்ணீர், உதட்டுச் சாயம்,
மூன்று விழுக்காட்டில் கைத்தொலைபேசி,
ஈசூன் வீட்டின் சாவி,
எம்ஆர்டி அட்டை.
ஆறரைக்கே இருட்டிய மரங்களுக்குக் கீழே
ஓர் அட்டையைக் கையில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தேன்,
இன்னோர் அட்டை கணுக்காலில் குடித்துக்கொண்டிருந்தது.
முதலாவதில் பதினான்கு வெள்ளி இருந்தது.
எந்தக் கதவும் திறக்கவில்லை.

பட்டியல் போடுகிறவர்கள் எல்லாரும்
குளிர்தேசத்துக்காரர்கள் போலிருக்கிறது.
பனிக்குகைக்கு மெழுகுவத்தி.
முயலுக்குச் சுருக்குக் கண்ணி.
விமானத்துக்கு வெயிலைத் திருப்பிக் காட்ட
ஒரு கண்ணாடி.
நம் காட்டில் அண்ணாந்தால் இலைதான்,
அதற்கு மேலும் இலை.
கண்ணாடியைத் திரும்பக் குளியலறையில் மாட்டினேன்.
தூண்டில் முள்ளும் போகட்டும்.
ஓர் இரவில் யாரும் பசித்துச் சாவதில்லை.
நனைந்து நடுங்குவார்கள். நான் நடுங்கினேன்.

எனவே முதலில் குப்பைப் பை,
கட்டுமானத் தளத்தில் கொடுக்கிற தடித்த ஆரஞ்சு,
மூலையில் முகமளவுக்கு ஓட்டை.
லைட்டர்.
மழையிலும் பற்றிக்கொள்ளும் சைக்கிள் டியூப், நாலு துண்டு.
தலைவிளக்கு, தானாக எரிந்து தீராதபடி
பேட்டரியைத் தலைகீழாகப் போட்டு.
தண்ணீர் மாத்திரை பத்து.
பட்டியலில் சொன்ன டைட்டானியக் குவளை தொண்ணூறு வெள்ளி;
என் எவர்சில்வர் டம்ளரையும் தீயில் வைக்கலாம்,
விளிம்பு சுடும்,
அது தினமும் காலையில் சுடுவதுதான்.

திசைகாட்டியைச் சமையல் மேடையில் வைத்துப் பார்த்தேன்.
குளிர்சாதனப் பெட்டிதான் வடக்கு என்றது.
நகர்த்தி வைத்தேன்.
மனம் மாறவில்லை.
அதுவும் போகட்டும்.

மொத்தம் அறுநூற்று ஐந்து.
அறுநூறுக்கு மேல் போனால்
இரண்டாம் முறையே வீட்டில் விட்டுவிட்டுப் போவாய்
என்று ஹஸ்லிண்டா சொல்லியிருக்கிறாள்.
வீட்டுச் சாவியை எடுத்தால் கணக்கு சரியாகும்.
எடுத்தேன்.
மறுபடி வைத்தேன்.
காட்டில் அது எதற்கும் உதவாது, தெரியும்.

விடிந்ததும் கண்டுபிடித்தார்கள்.
இருநூறு அடி தூரத்தில்தான் அவளும்
இரவெல்லாம் நின்றிருக்கிறாள்.
இடையில் ஓர் ஓடை,
நாங்கள் இருவரும் கத்தியதைத் தின்றபடி.
பத்து மணிக்கெல்லாம் எனக்குக் குரல் போய்விட்டது.
ஒரு பெயரை
எத்தனை முறை கத்தமுடியும்?

விசிலைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன்.
பையில் இருப்பது பையோடு போகும்,
பை ஓடையோடு போகும்.
கயிறு கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டேன்.
ஏழு வருடமாக அங்கே
எதுவும் தொங்கவில்லை.
சட்டைக்குள் விட்டதும்
சில்லென்றிருந்தது, பிறகு
இல்லை.

மொத்தத்தில் ஒன்பதைக் கழித்தேன்.
ஐந்நூற்றுத் தொண்ணூற்று ஆறு.